ஒரு 'தாத்தா', மூன்று உறவு

கேள்வி: பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்கிறேன். மொழிக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உறவை ஆராய, தொலைதூரக் கிராமம் எதற்காவது போய்த் தங்க வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தங்கச்சி. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்குங்கள். தெரிந்த துணிக்கடை ஒன்றில் முதலாளியிடம் அனுமதி கேட்டு, ஒரு மூலையில் கதிரை போட்டு உட்காருங்கள். 'தாத்தா' என்ற ஒரு சொல்லே போதும்: தமிழருக்குப் பாட்டன், சிங்களவருக்குத் தகப்பன், முஸ்லிம்களுக்கு அக்கா. கடைப் பையன் யாரை எப்படிக் கூப்பிடுகிறான், விலை பேசும்போது எந்த மொழிக்குத் தாவுகிறான், பொலிஸ்காரர் வந்தால் குரல் எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "நீங்கள் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்வது ஒன்று, பேசுவது வேறு.

யார், யாரிடம், எங்கே, எதற்காகப் பேசுகிறார் என்று பார்க்கும் இந்த முறைக்கு 1962இல் வழிகாட்டியவர் மொழியியல் மானிடவியலாளர் டெல் ஹைம்ஸ். நம் பேராசிரியர் சுசீந்திரராசா, யாழ்ப்பாணத்துப் பேச்சில் சாதி எப்படி ஒலிக்கிறது என்று 1978இலேயே எழுதிவிட்டார். முதலில் அதைத் தேடிப் படியுங்கள். நோட்டுப் புத்தகத்தைப் புறக்கோட்டையிலேயே வாங்கலாம். பேரம் பேசி வாங்குங்கள், அதுவும் ஆய்வுதான்.