ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவற விடாதீங்க!



"வளைகாப்பு முடியட்டும், அப்புறம் ஸ்கேன் பார்த்துக்கலாம்" என்று நம்ம நைனார்பாளையம் பக்கம் சில வீடுகளில் சொல்வதுண்டு. வளைகாப்பு ஏழாம் மாதத்தில். குழந்தையின் மூளையைப் பார்க்க வேண்டிய காலம் அதற்கு முன்பே போய்விடும்.

மூளை எப்போது உருவாகிறது?

கரு உண்டான நான்கு வாரத்துக்குள், மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் பெரிய குறை வரும். அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள்.

ஊசி குத்தாமல் எப்படிப் பார்ப்பது?

* 11–14 வார ஸ்கேன்: மண்டை ஓடு உருவாகியிருக்கிறதா என்று தெரியும்.
* 18–20 வார ஸ்கேன்: தலைச் சுற்றளவு, சிறுமூளை, முதுகுத்தண்டு பார்ப்பார்கள். மூளைக்குள் நீர் இருக்கும் அறையின் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.
* எம்.ஆர்.ஐ.: ஸ்கேனில் சந்தேகம் வந்தால் மட்டும்.

ஸ்கேன் ஒலி அலையிலும் எம்.ஆர்.ஐ. காந்தத்திலும் வேலை செய்கின்றன. எக்ஸ்ரே கதிர் கிடையாது.

சென்னை ஐ.ஐ.டி. 2024 டிசம்பரில் 'தரணி' என்ற கருமூளைப் படத்தொகுப்பை வெளியிட்டது. அதில் 5,132 மூளைச் சீவல்களின் படங்கள் உள்ளன. ஸ்கேனில் தெரிவதை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள இது டாக்டர்களுக்கு உதவும்.

குறை தெரிந்தால் என்ன லாபம்?

தலையில் நீர் கோத்திருந்தால், குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம். தீர்க்க முடியாத குறை என்றால், டாக்டர் சொல்லும் வழிகளைக் குடும்பம் நிதானமாக யோசிக்கலாம். ஏழாம் மாதத்தில் தெரிந்தால் வழிகள் குறைந்துவிடும்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். குழந்தை புத்திசாலியா என்று ஸ்கேன் சொல்லாது. எல்லாக் குறையையும் காட்டாது. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஏழு மாதத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவைத் தினமும் கவனியுங்க. வழக்கத்தைவிடக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

குழு செய்ய வேண்டியது

கூட்டத்தில் கர்ப்பிணிகளின் பெயரையும் அவர்களுக்கு 18 வாரம் முடியும் தேதியையும் கிராம செவிலியரிடம் கேட்டு எழுதி வையுங்க. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி வர பஸ் செலவு இல்லாத சகோதரிக்குச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுங்க. துணைக்கு ஒருத்தர் கூடப் போங்க.