விசைக் குறுக்குவழிகளைப் பேணும் முறை

இசைப்பதிவு மென்பொருள்களில் வேலை விரைவாக நடக்க விசைப்பலகையே கைகொடுக்கும். றீப்பர் என்னும் மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதில் கொன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தினால் வேலை சேமிக்கப்படும். எஸ் விசையை மட்டும் அழுத்தினாலோ பதிவு இரண்டாக வெட்டப்படும். விரல் தவறினால் உடனே கொன்ட்ரோலுடன் இசட் விசையை அழுத்துங்கள், வெட்டு நீங்கிவிடும்.

எந்த விசை எந்த வேலைக்கு என்று அறிய, கேள்விக்குறியை அழுத்துங்கள். செயற்பட்டியல் திறக்கும். அதில் வேலையின் பெயரைத் தேடி, விரும்பிய விசையை அதற்குக் கொடுக்கலாம். அவ்விசை ஏற்கனவே வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் மென்பொருள் உங்களிடம் கேட்கும். வாசிக்காமல் சம்மதித்தால் பழைய ஒதுக்கீடு போய்விடும்.

ஒரே கணனியைப் பலர் பாவிக்கும் இடத்தில் இதுவே பெரிய தொல்லை. ஒருவர் மாற்றியது மற்றவருக்குத் தெரியாது. பாடகர் காத்திருக்கும்போது, பழகிய விரல் அழுத்தும் விசை வேறு வேலையைச் செய்யும். ஆகவே மாற்றம் செய்யுமுன், அதே பட்டியலிலுள்ள ‘கீ மப்’ பொத்தான் மூலம் முழு அமைப்பையும் ஒரு கோப்பாகச் சேமியுங்கள். கோப்பின் பெயரில் திகதியையும் இடுங்கள். கணனி பழுதானாலும், அக்கோப்பை வேறு கணனியில் ஏற்றினால் உங்கள் விசைகள் திரும்பக் கிடைக்கும்.

பயிற்சி: இவ்வாரம் ஒரு பிரதி எடுத்து, மீண்டும் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பிரதியை, சரிபார்க்காத கணக்கைப் போலவே, நம்ப முடியாது.