விளக்கொளியில் ஒரு பயிற்சி

சென்ற தைப்பூசத்தில் அம்மா முதன்முறையாகப் பால்குடம் எடுத்தார். விடியற்காலை, பத்துமலை. நான் நாற்பது படம் பிடித்தேன். ஒன்றில்கூட அம்மா முகம் தெளிவாக இல்லை. கேமராவை ஆட்டோவில் விட்டதுதான் தப்பு. வெளிச்சம் போதாது என்று அது ஷட்டரை 1/15 வினாடி திறந்து வைத்திருந்தது. அம்மாவோ நடந்துகொண்டிருந்தார்.

நண்பர்களே, மூன்று விஷயம் தெரிந்தால் போதும். அப்பெர்ச்சர் என்பது லென்ஸின் துவாரம். எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிதாகும். ஷட்டர் என்பது ஒளி விழும் நேரம். ஐஎஸ்ஓ கூடினால் படம் பளிச்சென்று வரும், ஆனால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

வீட்டிலேயே பழகலாம். சாமி அறையில் விளக்கேற்றுங்கள். கேமராவை ஸ்டூல் மேல் வைத்து, மேனுவலுக்கு மாற்றுங்கள். எஃப் எண் உங்கள் லென்ஸில் மிகக் குறைந்ததாக இருக்கட்டும்.

பயிற்சி 1: ஐஎஸ்ஓ 800. ஷட்டரை 1/15, 1/30, 1/60, 1/125 என மாற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும்.

பயிற்சி 2: தம்பியை விளக்கருகே நடக்கச் சொல்லுங்க. 1/15இல் முகம் கலங்கும். 1/125இல் கலங்காது, ஆனால் படம் இருட்டாகிவிடும்.

பயிற்சி 3: 1/125இலேயே இருங்கள். இழந்தது மூன்று படி ஒளி. ஐஎஸ்ஓவை 1600, 3200, 6400 என மூன்று படி ஏற்றினால் ஈடாகிவிடும்.

6400இல் புள்ளி தெரியத்தான் செய்யும். பரவாயில்லை, முகம் தெரியுதே!

அம்மா மூன்று வருடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறார். எனக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. தினமும் விளக்கு வைத்ததும் பழகுகிறேன்.