கொச்சிக் கழிமுகத் தீவுகள்

தீவு என்றவுடன் கடல் நடுவே உயர்ந்து நிற்கும் பாறையே பலருக்கும் நினைவுக்கு வரும். கரிபியன் கடலின் சிறு தீவுத் தொடரில் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானவை பல. இலட்சத்தீவுகள் பவழ உயிர்களின் கூடுகளால் ஆனவை. கேரளத்தில் மட்டாஞ்சேரிக்கு எதிரே கழிமுகத்தில் அமைந்த தீவுகளோ இவ்விரு வகையையும் சார்ந்தவை அல்ல. ஆறு கொணர்ந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலுமே இவற்றின் மூலப்பொருள்களாகும்.

அமைப்பு

கொச்சியில் வேம்பநாட்டுக் காயல் அரபிக் கடலுடன் கலக்கிறது. இம்முகத்துவாரத்திற்கு வடக்கே, முனம்பம் வரை சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய தீவு வைப்பீன் ஆகும். அதற்குக் கிழக்கே வல்லார்பாடமும் முளவுகாடும் உள்ளன. முகத்துவாரத்தின் உட்புறம் வில்லிங்டன் தீவு அமைந்துள்ளது. அதன் மேற்கே மட்டாஞ்சேரிக் கால்வாயும் கிழக்கே எர்ணாகுளம் கால்வாயும் செல்கின்றன.

நிலம் உண்டாகும் முறை

244 கிலோமீட்டர் நீளமுள்ள பெரியாறு மழைக்காலத்தில் மிகுந்த வண்டலைச் சுமந்து வருகிறது. நன்னீர் உவர்நீருடன் கலக்கும்போது நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனமாகி அடியில் படிகின்றன. கடல் அலைகளோ மணலைக் கரையோரமாகத் தள்ளித் திட்டாக்குகின்றன. 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்தது என்றும், கொச்சித் துறைமுகம் திறந்தது என்றும், வைப்பீன் உருப்பெற்றது என்றும் மரபு கூறுகிறது. அவ்வாண்டு தொடங்கிப் ‘புதுவைப்பு’ என்னும் ஆண்டுக் கணக்கும் வழங்கி வந்தது.

மனிதர் சேர்த்த நிலம்

பழைய கொச்சியின் முகத்துவாரத்தில் மணல் திட்டு ஒன்று பெருங்கப்பல்களைத் தடுத்து நின்றது. 1920இல் இங்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ அதனை வெட்டி ஆழமாக்கும் பணியை நடத்தினார். 1928இல் கப்பல் உட்துறைமுகத்தை அடைந்தது. காயலில் தோண்டிய மண்ணைக் கொண்டே வெண்டுருத்தித் தீவை ஒட்டி வில்லிங்டன் தீவு அமைக்கப்பட்டது. எனினும் வண்டல் படிவது நிற்கவில்லை. ஆகவே கப்பல் வழியைத் தொடர்ந்து தூர்வார வேண்டியுள்ளது.

தாழ்நில வாழ்வு

இத்தீவுகளின் மேற்பரப்பு கடல் மட்டத்தைவிடச் சிறிதளவே உயர்ந்தது. இங்கு ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆயினும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓதத்தின்போது உவர்நீர் வீட்டு முற்றங்களில் புகுகிறது, கிணறுகளும் உவர்ப்படைகின்றன. இவ்வுவர்நிலத்திற்கு ஏற்ற பயிராக உழவர் பொக்காளி நெல்லைக் கண்டனர். மழைநீர் உவர்ப்பைக் கழுவியபின் நெல் வளர்கிறது. அறுவடையில் கதிரை மட்டும் கொய்து தாளை நீரிலேயே விடுகின்றனர். அத்தாள் அழுகி, அடுத்து வளர்க்கும் இறாலுக்கு இரையாகப் பயன்படுகிறது.

2004இல் கோஸ்ரீ பாலங்கள் வைப்பீன், வல்லார்பாடம், முளவுகாடு ஆகியவற்றை எர்ணாகுளத்துடன் இணைத்தன. 2011இல் வல்லார்பாடத்தில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. போக்குவரத்து எளிதாயினும் நிலத்தின் இயல்பு மாறவில்லை. கடல் மட்டம் உயர்ந்துவரும் இந்நாளில், காயலை மேலும் நிரப்பினால் உயர் ஓதத்தின் நீர் பரவி அடங்குவதற்கான இடம் குறையும். அந்நீர் குடியிருப்புகளை நோக்கியே திரும்பும். ஆதலால் இங்குச் சாலையோ வீடோ அமைக்குமுன் நீர் செல்லும் வழியை ஆராய்வது இன்றியமையாதது.