மரம் தந்த மணம்

நுழையும்முன்

அடுப்பில் விறகு எரிவதும் ஆக்சிஜனேற்றமே. மரச்சாற்றிலிருந்து நறுமணப் பொருள் பிறப்பதும் ஆக்சிஜனேற்றமே. முன்னதில் எஞ்சுவது சாம்பல். பின்னதில் கிடைப்பது உணவுக்கும் மருந்துக்கும் உதவும் மூலப்பொருள். இவ்வேறுபாட்டை வனிலின் என்னும் ஒரு பொருளின் வரலாற்றின்வழிக் காண்போம்.

வெல்லப்பாகு காய்ச்சுவோர் பதம் பார்த்து இறக்குவர். பதம் தப்பினால் பாகு முறுகிவிடும். அதன்பின் அதனை மீட்க இயலாது. தாவரப் பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் வேதித்தொழிலும் இத்தகையதே. ஆக்சிஜனைச் செலுத்துவது எளிது. தக்க நிலையில் வினையை நிறுத்துவதே அரிது. மூலக்கூறின் ஒரு பகுதியை மட்டும் மாற்றி, ஏனைய பகுதிகளைத் தீண்டாது விடும் வினையைத் தெரிவுநிலை ஆக்சிஜனேற்றம் என்பர்.

பனிக்கூழில் நாம் நுகரும் வனிலா மணத்துக்கு முதன்மைக் காரணம் வனிலின். இதனை 1858ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சேர்ந்த கோப்லே என்பவர் வனிலாக் காயிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுத்தார். பதப்படுத்திய வனிலாக் காயில் வனிலின் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ளது. மலர் ஒவ்வொன்றையும் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து விளைவிக்க வேண்டிய பயிர் அது. எனவே விலை மிகுதி. வேறு வழி தேட வேண்டிய தேவையும் மிகுதி.

வனிலின் மூலக்கூறில் ஒரு பென்சீன் வளையமும், அதனோடு இணைந்த ஹைட்ராக்சி, மீத்தாக்சி, ஆல்டிஹைடு என்னும் மூன்று தொகுதிகளும் உள்ளன. இவற்றுள் இடர் தருவது ஆல்டிஹைடு. அது ஓர் இடைநிலை. இன்னும் சிறிது ஆக்சிஜன் சேர்ந்தால் அமிலமாகிவிடும், மணமும் போய்விடும். வினை மேலும் கடுமையானால் வளையமே சிதைந்துவிடும்.

ஊசியிலை மரமும் கிராம்பும்

1874ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் டீமான், ஹார்மான் ஆகிய இருவரும் ஊசியிலை மரங்களின் பட்டைக்கடியில் ஊறும் சாற்றிலுள்ள கோனிஃபெரின் என்னும் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்து வனிலினைப் பெற்றனர். ஹார்மானின் ஊரான ஹோல்ட்ஸ்மின்டனில் விரைவில் ஓர் ஆலையும் எழுந்தது. ஆயினும் மரச்சாற்றைத் திரட்டுவது கடினமாக இருந்தமையால் வேதியியலாளர் பார்வை கிராம்பு எண்ணெயின்மீது திரும்பியது.

கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால், வனிலினை வெகுவாக ஒத்தது. வளையத்தோடு மூன்று கார்பன் கொண்ட பக்கச்சங்கிலி ஒன்று கூடுதலாக உண்டு. அச்சங்கிலியின் இரட்டைப் பிணைப்பு அமைந்த இடத்தில்தான் ஆக்சிஜன் அதனைத் துண்டிக்கும். ஆனால் யூஜினாலில் அப்பிணைப்பு வளையத்திலிருந்து ஒரு கார்பன் தள்ளி நிற்கிறது. அப்படியே துண்டித்தால் ஒரு கார்பன் மிகையாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் காரத்துடன் சூடாக்கி இரட்டைப் பிணைப்பை வளையத்தை ஒட்டி நகர்த்துவர். அதன் பின்னரே துண்டிப்பர். வெட்டுமுன் குறியிடும் தச்சரின் முறை இது.

காகித ஆலையின் கழிவு

மரத்துக்கு உறுதி தருவனவற்றுள் ஒன்று லிக்னின். உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் வகைப்படுத்துவதை இங்கு நினைவுகூரலாம். மரக்கூழ் செய்கையில் இந்த லிக்னினைக் கரைத்து நீக்குவர். அக்கரைசல் ஆறுகளில் கலந்து நீரைக் கெடுத்து வந்தது. 1930களில் அமெரிக்காவில் அதனைக் காரத்துடன் கலந்து, அழுத்தத்தில் சூடாக்கி, காற்றைச் செலுத்தி வனிலின் எடுக்கத் தொடங்கினர். ஊசியிலை மரத்தின் லிக்னினே இதற்கு ஏற்றது. அகன்ற இலை மரங்களின் லிக்னினில் மீத்தாக்சித் தொகுதிகள் மிகுதியாதலால் வேறொரு ஆல்டிஹைடும் உடன் தோன்றும்.

கழிவிலிருந்து பிறந்த வனிலின், மருந்துத் தொழிலுக்கும் அடிப்படைப் பொருளாயிற்று. நடுக்குவாத நோய்க்குத் தரப்படும் எல்-டோப்பாவை மான்சான்டோ நிறுவனம் வனிலினில் தொடங்கியே உருவாக்கியது. அம்முறையில் நிகழ்த்திய ஆய்வுக்காக நோல்ஸ் என்னும் அறிஞர் 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். கனடாவின் தோரோல்டு நகர ஆலை ஒன்றே 1981இல் உலகச் செயற்கை வனிலின் தேவையில் நூற்றுக்கு 60 பங்கை நிறைவு செய்தது. ஆனால் லிக்னினின் சிறு பங்கே வனிலினாக மாறுகிறது. ஒரு கிலோகிராம் வனிலினுக்கு 160 கிலோகிராமுக்கும் மேற்பட்ட காரக் கழிவுநீர் வெளிப்பட்டது. கழிவைப் பயன்படுத்த எழுந்த தொழில் புதிய கழிவைப் பெருக்கியது! 1987இல் அவ்வாலை மூடப்பட்டது.

இன்று வனிலினின் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் குவாயகாலைக் கொண்டு ஆக்கப்படுகிறது. மரத்தின்வழி முற்றிலும் அடைபடவில்லை. நார்வே நாட்டின் சார்ப்ஸ்போர்க் நகரில் ஸ்புரூஸ் மரத்தின் லிக்னினைச் செம்பு வினையூக்கியின் துணையோடு ஆக்சிஜனேற்றம் செய்து இன்றும் வனிலின் எடுக்கின்றனர். அங்கே மரத்தின் செல்லுலோஸ் தனியே விற்பனைக்குச் செல்கிறது. சர்க்கரை நொதித்து ஆல்கஹாலாகிறது. லிக்னினின் பெரும்பகுதி கட்டடக் கான்கிரீட்டில் நீரின் தேவையைக் குறைக்கும் கலவைப்பொருளாகிறது. வனிலின் அவற்றோடு கிடைக்கும் ஒரு விளைபொருளே.