சத்தியப் பயிர்கள்

பசித்தவருக்கு உணவளிப்பது உயர்ந்த தானம் என்பதை நம் நாட்டில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் தானத்தின் இயல்பை ஆராயும்போது ஒரு கேள்வி எழுகிறது. கொடுக்கும் கை என்றும் கொடுப்பதாகவும், ஏற்கும் கை என்றும் ஏற்பதாகவுமே இருந்துவிட்டால், அந்தத் தானம் முழுமை பெற்றதாகுமா? ஏற்றவரின் வயிறு நிறைந்தது. அவரது தன்மதிப்பு நிறைந்ததா?

தைத்திரீய உபநிஷதத்தின் பிருகு வல்லியில், தந்தையான வருணனிடம் பிரம்மத்தைப் பற்றிக் கேட்ட பிருகு, தவத்தின் வாயிலாக முதலில் அறிவது அன்னத்தையே. பின்னர் பிராணன், மனம், விஞ்ஞானம் ஆகியவற்றைக் கடந்து ஆனந்தத்தை உணர்கிறார். அந்த உயரத்தை எட்டிய பிறகும் உபநிஷதம் அன்னத்தை மறப்பதில்லை. அன்னத்தை இகழாதிருத்தல், புறக்கணியாதிருத்தல், பெருக்குதல், இருப்பிடம் நாடி வந்தவரை மறுக்காதிருத்தல் என்னும் விரதங்களை விதிக்கிறது. இங்கு வழங்குவதற்கு முன்பாகப் பெருக்குவது வைக்கப்பட்டிருப்பது நம் கவனத்திற்குரியது.

தரிசு நிலமும் பசித்த வீடும்

இவ்வரிசையின் பொருளை விளங்கச் செய்யும் உதாரணம் ஒன்று தெலங்கானாவில் உள்ளது. ஐதராபாத்திலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள ஜஹீராபாத் வட்டாரக் கிராமங்களில், 1983-ஆம் ஆண்டு ‘டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி’ என்ற தொண்டு நிறுவனம் தன் பணியைத் தொடங்கியது. ஏழைப் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித் சமூகத்தினர், ஊர்தோறும் சங்கங்களாக ஒன்றுகூடினர்.

அவர்களது நிலை விந்தையானது. நியாய விலைக் கடையில் தொலைவிலிருந்து வந்த அரிசி கிடைத்தது. அது பசியைத் தணித்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அருகிலேயே, சோளம் விளைந்த மானாவாரி நிலங்கள் தரிசாகக் கிடந்தன. நிலம் தரிசானபோது கூலி வேலை குறைந்தது; மாடுகளுக்குத் தீவனமும் குறைந்தது.

1990-களின் நடுவில் சங்கத்துப் பெண்கள் சமுதாயத் தானிய நிதியைத் தோற்றுவித்தனர். தரிசு நிலத்தைத் திருத்திப் பயிரிடச் சிறு விவசாயிகளுக்குக் கடன் வழங்கப்பட்டது. அவர்கள் அதைப் பணமாக அன்றி, தவணைகளில் சோளமாகவே திருப்பித் தந்தனர். அச்சோளம் அந்தந்த ஊரிலேயே சேமிக்கப்பட்டு, வறியவர்களுக்குக் குறைந்த விலையில் அளிக்கப்பட்டது. யாருக்கு எவ்வளவு என்பதை எங்கோ இருந்த அதிகாரி தீர்மானிக்கவில்லை. ஊரார் கூடி, எல்லோர் முன்னிலையிலும் ஆராய்ந்து முடிவு செய்தனர். பசியை அறிந்தவர்களே பசியை அளந்தனர்.

இதில் நாம் காணவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நேற்று கடன் பெற்றவரின் களத்திலிருந்துதான் இன்று மற்றொருவரின் அடுப்புக்குத் தானியம் சென்றது. ஏற்ற கையே கொடுக்கும் கையாயிற்று. விதையிலும் இதே நெறிதான்: சங்கத்தின் விதைச் சேமிப்பிலிருந்து விதை பெற்றவர், அறுவடைக்குப் பின் பெற்றதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருவார்.

களையும் கீரையும்

குளிர்காலத்தில் பாசனமோ இரசாயன உரமோ இன்றி, பனியின் ஈரத்தைக் கொண்டே விளையும் பயிர்களை அப்பெண்கள் ‘சத்யம் பண்டலு’, அதாவது சத்தியப் பயிர்கள், என்றழைக்கின்றனர். அந்நிலங்களில் விதைக்காமலே முளைக்கும் கீரைகளும் உண்டு. பிறர் களை என்று அழிப்பதை அவர்கள் பறித்துச் சமைக்கின்றனர். களைக்கொல்லி தெளிக்காததால், நிலமற்ற ஏழையின் வீட்டிற்கும் பசுமையான கீரை விலையின்றிக் கிடைக்கிறது. அன்னத்தை இகழாதிருத்தல் என்னும் விரதத்திற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? 2019-இல் இச்சங்கங்களுக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ‘ஈக்வேட்டர் பரிசு’ வழங்கப்பட்டது.

நாம் செய்யத்தக்கது

நம்மில் பலர் நகரவாசிகள், நமக்கு நிலமில்லை. ஆயினும் இந்நெறி நமக்கும் உரியதே. வீட்டிற்கும் அன்னதானத்திற்கும் பொருள் வாங்கும்போது, அருகில் விளைவிக்கும் சிறு விவசாயியை நாடலாம். நம் பகுதிக்குரிய சிறுதானியத்தையும் கீரையையும் வாரத்தில் சில நாட்களேனும் உணவில் சேர்க்கலாம். அன்னதானம் செய்யும் இடத்தில், உண்ண வருபவர் விரும்பினால் காய் நறுக்கவும் பரிமாறவும் அவரை அன்புடன் அழைக்கலாம். இது கைம்மாறு கேட்பதன்று. கொடுக்கும் பேற்றில் அவருக்கும் பங்களிப்பதாகும்.

பசித்தவருக்கு உடனே உணவளிக்க வேண்டும். அதில் தாமதம் கூடாது. அதே வேளையில், நாளை அவரும் ஒருவருக்கு அளிக்கும் நிலையை அடைவதற்கு நாம் என்ன செய்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அக்கேள்வியை விடாது பற்றியிருப்பவரின் தானமே சத்தியப் பயிராக விளையும்.