தேகாப்பியாசச் செயலியும் மீண்டு வருவோரும்

ஒருவரை ஒருநாள் தேகாப்பியாசஞ் செய்யத் தூண்டுதல் அத்துணை அரிதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோய் காரணமாக இங்கிலாந்தின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஜோ விக்ஸ் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் தம் இல்லத்திலிருந்தே யூரியூப் வாயிலாக வார நாட்களிற் காலைதோறும் பயிற்சி நடத்தினார். இரண்டாம் நாளாகிய மார்ச் 24 இல் அதனை ஒரே வேளையிற் கண்டோர் தொகை 955,185 எனக் கின்னஸ் பதிவு கூறும். அழைத்தால் மக்கள் வருவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அரிதாவது யாதெனின், வந்தவர் இடையில் நின்றபின் மீண்டும் வருதல். காய்ச்சல், பரீட்சை, பணிமாற்றம், வீட்டிற் கலியாணம் என நிற்றற்குரிய காரணங்கள் பல. மீளுதற்குரிய காரணமோ தானாக வாய்ப்பதில்லை.

நம் பழைய மாணவர் சிலர் மென்பொருள் ஆக்கும் துறையில் இருக்கின்றனர். உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலரும் செயலிகள் அமைக்கப் பழகுகின்றனர். ஆதலின், காணொளி வழியாகத் தேகாப்பியாசங் கற்பிக்குஞ் செயலியொன்றில், நின்றவரை மீட்டழைக்கும் உறுப்பினை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வாம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் உளராயின், நாடோறும் வரவு இடாப்புக் கூப்பிடுவோர் யாமே என்பதை நினைவூட்டுவோம்.

1982 இல் ஜேன் பொண்டா என்னும் அமெரிக்க நடிகையின் தேகாப்பியாச வீடியோ நாடா வெளிவந்து பெருந்தொகையாக விற்பனையாயிற்று. தன்னை வாங்கியவர் பயின்றாரா, பத்து நாள் மறந்தாரா என்பதை அந்நாடா அறியாது. அலுமாரியில் வாளா கிடக்கும்; எடுத்தபோது பயிற்றும். செயலியோ யாவற்றையும் நினைவில் வைக்கின்றது. எந்நாள் வந்தார், எக்காணொளியை எந்த நிமிடத்தில் நிறுத்தினார் என்பதெல்லாம் அதன் இடாப்பில் உள. அந்த நினைவை எதற்குப் பயன்படுத்துவது என்பதே வினா.

இன்று பல செயலிகள் அதனைத் தொடர்நாட் கணக்காகப் பயன்படுத்துகின்றன. இடைவிடாது வந்த நாட்களை 40 என்றும் 41 என்றும் எண்ணிக் காட்டி, ஒருநாள் தவறியதும் அதனைச் சுழியமாக்கிவிடுகின்றன. வந்துகொண்டிருப்பவரை இக்கணக்கு ஓரளவு கட்டி நிறுத்தும் என்பதை யாம் மறுக்கவில்லை. தவறியவர்க்கு அது செய்வது யாது? நாற்பது நாள் உழைப்பு உடம்பில் இருக்கத் திரையில் அழிந்துபோகின்றது. அது பொய்க் கணக்கு. நெடுங்காலம் பயின்ற எழுவரைப் பயிற்சியின்றி இருக்கச் செய்து கொயில் என்பாரும் பிறரும் 1984 இல் வெளியிட்ட ஆய்விலே, உடல் உட்கொள்ளத்தக்க உச்ச ஒட்சிசன் அளவு முதல் 21 நாளில் 7 வீதமே குறைந்தது. 56 நாளின் பின்னர் 16 வீதக் குறைவோடு நிலைத்தது. புதியவர்க்கும் இவ்வளவும் எஞ்சும் என்று கொள்ளற்க. ஆயினும் சுழியம் என்பது உடற்கூற்றுக்குப் பொருந்தாத எண் என்பது வெளிப்படை. பழக்கத்தின் கதையும் இதுவே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி முதலியோர், 96 பேரை ஒவ்வொரு செயலைத் தெரிந்து நாடோறும் செய்யச் சொல்லி ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட கட்டுரை, ஒருநாள் தவறுதல் பழக்கம் உருவாதலைப் பெரிதும் பாதிப்பதில்லை என்று காட்டுகின்றது.

இவ்வகையில் யப்பானியர் வழக்கமொன்று எமக்கு மிக உவப்பானது. அந்நாட்டில் 1928 இல் வானொலித் தேகாப்பியாசம் தொடங்கிற்று. கோடை விடுமுறையிற் சிறுவர் காலையிற் கூடி அதனைச் செய்து, தம் அட்டையிலே அன்றைய கட்டத்தில் ஒரு முத்திரை பெறுவர். வாராத நாளின் கட்டம் வெறுமையாக இருக்கும், அவ்வளவே. முன்னர் இட்ட முத்திரைகளை எவரும் அழிப்பதில்லை.

இனி, எம் ஆராய்ச்சிக்கு உயிர்நாடியான சான்று ஒன்றுண்டு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக் கேற்றி மில்க்மன் முதலியோர், அமெரிக்க உடற்பயிற்சி நிலையத் தொடரொன்றின் உறுப்பினர் 61,293 பேரிடத்து, நான்கு வார காலத்துக்குரிய 54 வகையான திட்டங்களை ஒருங்கே சோதித்தனர். அதன் பெறுபேறு 2021 இல் நேச்சர் என்னும் விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது. அத்திட்டங்களுட் பாதிக்குச் சற்றுக் குறைந்தவையே வருகையை உயர்த்தின. உயர்வு 9 முதல் 27 வீதம் வரை. யாவற்றினும் முன்னின்றது, ஒரு பயிற்சியைத் தவறவிட்டவர் அடுத்த முறை வந்தாற் சிறு வெகுமதி அளிக்குந் திட்டம். அவ்வெகுமதியின் பெறுமதி ஏறத்தாழ 9 அமெரிக்கச் சதம்! ஒரு வாய்த் தேநீருக்கும் காணாத காசு. காசினால் அன்று, "தவறினீர், ஆயினும் உமக்காகக் காத்திருந்தோம்" என்னுங் குறிப்பினாலேயே அது வென்றது என்பது எம் கருத்து.

வகுப்பறையிலும் இதனைக் காணலாம். இரு வாரம் காய்ச்சலாற் கிடந்த பையன் வாசலில் வந்து நிற்கும்போது, "துரைக்கு இன்றுதான் வழி தெரிந்ததோ?" என்று வகுப்பு முழுவதும் நகைக்கக் கேட்பவரும் உளர், பாடநூலை விரித்துப் பக்கத்தைக் காட்டி, அயலவனின் கொப்பியை வாங்கிக் கொடுப்பவரும் உளர். முன்னையவரின் வகுப்பிலிருந்து மறுநாளும் நின்றுவிடும் பையன்களை எல்லாரும் அறிவோம்.

ஆகவே யாம் எண்ணும் உறுப்பு இதுவாகும். ஒருவர் ஏழு நாளுக்கு மேல் வாராதிருந்து செயலியைத் திறப்பாராயின் வழக்கமான முகப்பு தோன்றலாகாது. நூற்றுக்கணக்கான காணொளிகளை அவர்முன் பரப்புதல், நோயினின்றும் எழுந்தவனுக்கு விருந்துச் சாப்பாடு படைத்தலை ஒக்கும். ஒரேயொரு காணொளி தோன்றட்டும். அது பத்து நிமிடத்துக்கு மேற்படாததாய், அவர் இறுதியாகப் பயின்ற வகையினதாய், அதனினும் ஒருபடி இலேசானதாய் இருத்தல் வேண்டும். அவர் முன்னர் விரும்பிப் பார்த்த ஆசிரியரே அதிற் பேசுவாராயின் மிக நன்று. "23 நாள் வரவில்லை" என்னும் வாசகம் அங்கு வேண்டா. "முன்னர் 41 நாள் பயின்றீர்கள், இன்று 42" என்பதே வேண்டும். மீண்டு வந்த நாளுக்கு வேறு நிறத்தில் ஒரு முத்திரை இடலாம். நின்றது நோயினாலோ காயத்தினாலோ என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டு, ஆமெனில், வைத்தியரைக் கேட்டபின் தொடருமாறு கூறுதல் கடமை. பயிற்சி முடிந்ததும் அடுத்த வருகைக்குரிய நாளையும் நேரத்தையும் அவரே குறிக்கட்டும். அவ்வேளையில் ஓர் அறிவித்தல் போதும்.

திறவாமலே இருப்பவர்க்கு ஏழாம் நாளில் ஒன்றும், மாதப் பிறப்பில் ஒன்றுமாக இரு செய்திகள் அனுப்பலாம். வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் உடற்பயிற்சி நிலைய வருகை கூடுகின்றது என 2014 இல் வெளிவந்த ஆய்வொன்றும் உண்டு. அதற்குமேல் அனுப்புதல் கடன்காரன் கதவைத் தட்டுவது போலாகும்.

நிறுவனத்தார் திரைமுன் கழிந்த நிமிடங்களை எண்ண விரும்புவர். அஃது அவர்தம் வருவாய்க் கணக்கு. பயில்பவரின் இரத்த அழுத்தமும் நீரிழிவும் அதனால் இறங்கா. எண்ணவேண்டியது, மீண்டவர் ஏழு நாளுக்குள் இரண்டாம் முறையும் வந்தாரா என்பதே. மில்க்மன் குழுவினர் கண்டது நிலையத்துக்கு நடந்து செல்வோரிடத்து. வீட்டிற் காணொளி பார்ப்போர் அவ்வாறே நடப்பர் என்று துணிதல் கூடாது. அன்றியும், நான்கு வாரங் கழிந்தபின் அவர்தம் திட்டங்களுள் 8 வீதமே பயன் காட்டின. ஆதலின் இதனை அமைக்கும் மாணாக்கர், நின்றவர்களைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்குப் பழைய முகப்பையும் மற்றையோர்க்குப் புதிய வாயிலையும் காட்டுக. நான்காம் வாரத்தில் ஒருமுறையும், எட்டாம் வாரத்தில் மறுமுறையும் இரு இடாப்புகளையும் ஒப்பிடுக.